திரையில் இறந்துபோயிருந்த மாடசாமி

போன மாதம் என்னுடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். முப்பத்தேழு வருடம் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக டோக்கன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளிப்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னுடன் கடைசிக் காலத்தில் வேலை பார்த்த பாத்திமா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“மேடம், நீங்க போய் இங்கன உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க.”

“வரிசையில வாரேன். நீ போய் வேலையைப் பாரு” என்றேன்.

பத்து விரலையும் பதித்து, படம் எடுத்து, கையெழுத்துப் போட்டு முடிந்ததும், அட்டையில் பொன்னிறச் சின்னம் போட்ட புதுப் புத்தகத்தின் மாதிரி ஒன்றைப் பாத்திமா எடுத்துக் காட்டினாள். எனக்கு அது புதிதல்ல. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சிப் வைத்த இ-பாஸ்போர்ட் எங்கள் மையத்துக்கு வந்துவிட்டது.

“புதுசா சேர்ந்த பிள்ளைங்க, ‘சிப்பு வந்தாச்சு, இனிமே எல்லாத்தையும் மெஷினே பாத்துக்கிடும்’னு சொல்லுதுங்க மேடம். நான் அந்த மாடசாமி கேஸைச் சொன்னேன். கதை விடுதேன்னு சிரிக்குதுங்க. நீங்களே எழுதிக் குடுங்களேன்” என்றாள்.

அதனால் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பட்டம் வாங்கிய கையோடு தேர்வு எழுதி, வேறொரு ஊரிலிருந்த தலைமை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். பாஸ்போர்ட்டைக் கையால் எழுதிய காலம் அது. கறுப்பு மையில் பெயர் எழுதி, போட்டோ ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி ஒட்டுவோம். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதம் உறைகளில் விலாசம் எழுதினேன். அடுத்த ஆறு மாதம் கோப்பு அடுக்கினேன். அதன்பிறகு தொம்மை சாரின் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி கிடைத்தது. வேலை கற்றது அங்கேதான்.

தொம்மை சார் எங்கள் கண்காணிப்பாளர். கடற்கரை ஊர்க்காரர், தகப்பனார் தோணியில் வேலைக்குப் போனவர். ஆள் மெலிவு. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் எப்போதும் போட்டிருக்கும். விண்ணப்பத்தோடு யார் வந்தாலும் முதலில் தாளைத் தொடவே மாட்டார். “உக்காருங்க. எந்த பஸ்ல வந்திய? சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்லும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் விண்ணப்பத்தைத் திறப்பார்.

கோப்பு அட்டையில் கத்தரித்த சின்னத் துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. நடுவில் காது அளவுக்கு ஒரு ஓட்டை. அதைப் பழைய போட்டோ மேல் வைப்பார். முகம் மறைந்து காது மட்டும் தெரியும். பிறகு புதுப் போட்டோ மேல் வைப்பார். “மூஞ்சியப் பாத்தா ஏமாந்துருவ. மீசை வந்திருக்கும், பல்லு போயிருக்கும், சதை போட்டிருக்கும். காதைப் பாரு. மடலு கன்னத்தோட ஒட்டியிருக்கா, தொங்குதான்னு பாரு” என்பார்.

பழைய புத்தகம் கைக்கு வந்தால் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, போட்டோவின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைப் பைய ஓட்டுவார். பிளாஸ்டிக் தாளைக் கிளப்பிப் படத்தை மாற்றியிருந்தால் அந்த இடத்தில் நகம் இடறும். ஒருநாள் ஒரு பையனின் புத்தகத்தில் அப்படி இடறியது. சார் குரலை உயர்த்தவில்லை. “தம்பி, போட்டோல இருக்கது நீ. புத்தகம் யாரோடது?” என்று கேட்டார். பையன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். சார் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, அவன் குடித்து முடித்தபிறகுதான் போலீசுக்குப் போன் செய்தார்.

தேடல் சீட்டு என்று ஒன்று உண்டு. ஒருவருக்கு முன்பே பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறோமா என்று பதிவேட்டில் தேடிவிட்டு அதில் குறித்து அவரிடம் வைக்க வேண்டும். ஆள் பெயரை மட்டும் போட்டுத் தேடியிருந்தால் கையெழுத்துப் போட மாட்டார். திட்டவும் மாட்டார். சீட்டைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளுவார். “அப்பன் பேரைப் போட்டியா? ஆத்தா பேரு?” அவ்வளவுதான். அந்தக் கவிழ்ந்த சீட்டைப் பார்த்தாலே எனக்கு முகம் வெந்துபோகும்.

பின்னால் எல்லாம் கணினிக்கு மாறியது. பதவி உயர்வோடு நெல்லைக்கே வந்தேன். ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலராக இரண்டாம் கவுண்டரில் உட்கார்ந்தேன். முதல் கவுண்டரில் விரல், படம், தாள் நகல். இரண்டாவதில் சரிபார்ப்பு. மூன்றாவதில் வழங்கும் அலுவலரின் ஒப்புதல். ஒரு நாளைக்கு எத்தனையோ முகங்கள். வீட்டுக்குப் போனால் ஒன்றுகூட நினைவில் இருக்காது. நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது வந்த அந்த இரண்டு முகங்களைத் தவிர.

முதலில் வந்தது பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். விக்கிரமசிங்கபுரம். கையில் ஈரத்துணி. முதல் கவுண்டரில் அவள் விரல் ரேகை விழவே இல்லையாம்; பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனி வழவழவென்று ஆகியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஏழெட்டுத் தடவை பதித்தபிறகுதான் ஏறியிருக்கிறது.

“எங்க போறீங்க?”

“மக நர்சா இருக்கா, துபாய்ப் பக்கம். மாசமா இருக்கா. தலைப்பிரசவம். ‘நீ வந்தாத்தான் ஆச்சு’ங்கா.”

விண்ணப்பத்தில் கணவர் பெயர் இசக்கிமுத்து என்று இருந்தது. திருமண நிலை: மணமானவர். கணவரின் ஆவணம் ஒன்றுகூட இல்லை.

“வீட்டுக்காரர் எங்க?”

“அவுக வெளிநாட்டுல இருக்காவ.” சொல்லிவிட்டுக் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டாள். பிறகு அவளாகவே, “போய் இருபது வருசத்துக்கு மேல ஆச்சும்மா. மொத ரெண்டு வருசம் பேசுனாவ. பொறவு ஒண்ணுமில்ல. அங்கன ஒருத்திய வச்சுக்கிட்டாவன்னு ஊர்ல சொல்லுதாவ” என்றாள்.

இந்த மாதிரிக் கதைகள் என் கவுண்டருக்குப் புதிதில்லை. கல்யாணச் சான்று சரியாக இருந்தது. அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தேன்.

வந்தது மாடசாமி. பேச்சியம்மாளின் கணவனுக்கு அண்ணன். ஐம்பது கடந்தவர், கல்யாணம் ஆகாதவர். பிறந்து வளர்ந்தது மணிமுத்தாறுக்கு மேலே மலை எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீட்டில். கீழே இறங்கியபின் லாரியில் சுமை தூக்கி, தம்பி மகளை நர்சிங் படிக்க வைத்ததும் அவர்தானாம். பேச்சியம்மாளுக்குத் துணையாகப் போகப் புதுப் பாஸ்போர்ட் வேண்டும். பழையது தொலைந்துவிட்டது என்று போலீஸ் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் கொண்டுவந்திருந்தார். தொலைந்ததற்குப் பதிலாக மறுவெளியீடு, வருவது இ-பாஸ்போர்ட். தினமும் செய்கிற வேலைதான்.

குளிரூட்டிய அறையில் அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. பழைய எண்ணைத் தட்டினேன். திரையில் சிவப்புப் பட்டை வந்தது.

ரத்து செய்யப்பட்டது. காரணம்: வைத்திருந்தவர் மரணம்.

எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேன் என்று மறுபடி தட்டினேன். அதே சிவப்புப் பட்டை. பெயர் மாடசாமி. பிறந்த தேதி அதுவே. தகப்பன் பெயர், தாய் பெயர், எஸ்டேட் லைன் வீட்டு எண் எல்லாம் அதுவே. நாற்காலியில் அந்த மனிதர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருட வேலையில் திரையில் இறந்துபோனவர் எதிரே உட்கார்ந்து மூச்சுவிட்டதை நான் பார்த்ததில்லை.

கோப்பின் நகல் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலில் அவரே அந்தக் காலத்தில் கொடுத்த விண்ணப்பம், இளவயதுப் போட்டோவோடு. அடுத்து, வளைகுடாவிலிருந்து நம் தூதரகம் அனுப்பிய குறிப்பு. இந்தப் பாஸ்போர்ட்டை வைத்திருந்த மாடசாமி என்பவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். பாஸ்போர்ட்டில் உள்ள விலாசத்துக்கு எழுதியும் பதில் இல்லாததால் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. கூடவே திரும்பி வந்த உறையின் நகல்: ‘இந்த வீட்டில் ஆள் இல்லை.’ கடைசிப் பக்கத்தில் இறந்தவரின் பாஸ்போர்ட் நகல்.

அதிலிருந்த போட்டோவைப் பெரிதாக்கினேன். அதே நெற்றி, அதே மூக்கு. ஆனால் காது வேறு. விண்ணப்பத்திலும் எதிரே இருந்த மனிதரிடமும் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இறந்தவருக்குத் தொங்கியது. என் கை தானாகக் கட்டைவிரல் நகத்தைத் திரையின் ஓரத்தில் ஓட்டிப் பார்த்தது. அது கண்ணாடி என்பது அப்புறம்தான் உறைத்தது.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அந்த நேரத்தில் புத்தி நிலையாக இல்லை.

“இது யாருன்னு தெரியுதா?”

அவர் குனிந்து பார்த்தார். “இது எந்தம்பி” என்றார். சொன்னபிறகுதான் வாயைப் பொத்தினார். “அம்மா, இது எப்படி ஒங்ககிட்ட? அவன் எங்கன இருக்கான்?”

இங்கிலீஷில் இருந்த குறிப்பை அவருக்குத் தமிழில் சொன்னேன். சாரம் என்ற சொல்லும் அடக்கம் என்ற சொல்லும் என் வாயில் சரியாக வரவில்லை. அவர் அழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தரையில் எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“நாந்தாம்மா போறதா இருந்துச்சு. பாஸ்போர்ட்டும் எடுத்துட்டேன். எங்காத்தா விடல. தம்பி, ‘நான் போறேம்ணே, எனக்குப் பிள்ள பெறந்திருக்கு’ன்னான். கோயில் கொடைத் திருநாள்ல நடந்த அடிதடியில அவம் மேல ஒரு கேசு கெடந்துச்சு. அவம் பேருல பாஸ்போர்ட்டு வராதுன்னுட்டான் ஏஜெண்டு. ‘ஒங்க அண்ணன் புத்தகத்தைக் குடு, படத்தை மாத்திக் குடுக்கேன்’னான். குடுத்தேன். எங்கையால எடுத்துக் குடுத்தேன்.”

“இது பேச்சியம்மாளுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ரெண்டு வருசம் மாசாமாசம் பூத்துக்குப் போன் பண்ணுவான். நாங்க மலையை விட்டு எறங்குனதுகூட அவனுக்குத் தெரியும். பொறவு நின்னுபோச்சு. பேச்சி ஓடி ஓடி மனு குடுத்தா. ‘எம்புருசன் இசக்கிமுத்தைத் தேடிக் குடுங்க’ன்னு. எனக்குத் தெரியும்மா, அவன் அங்கன இசக்கிமுத்து இல்லன்னு. சொன்னா என்னையும் உள்ள போடுவான், அவனையும் அங்கன உள்ள போடுவான்னு பயந்துட்டேன். இன்னைக்கு வந்துருவான், நாளைக்கு வந்துருவான்னு இருந்தேன். வருசம் போகப் போகச் சொல்ல வாய் வரல.”

அங்கே அவனோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவன் மாடசாமிதான். இசக்கிமுத்து என்ற பெயரில் யார் தேடினாலும் அவன் கிடைத்திருக்க மாட்டான். அந்த ஏஜெண்டைத் தவிர ஒரே ஒரு மனிதருக்குத்தான் அது தெரியும். அவர் இருபது வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த நிமிடமே, தம்பி மகளைச் சுமை தூக்கிப் படிக்க வைத்த கையும் கண்ணில் பட்டது. என்ன நினைப்பது என்றே தெரியவில்லை.

விதிப்படி நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். கோப்பை நிறுத்திவைத்து, வழங்கும் அலுவலரிடம் ஆளோடு ஒப்படைக்க வேண்டும். செய்தேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர். முழுவதும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். “வாக்குமூலம் அப்புறம் எழுதலாம் மேடம். வெளியில அந்த அம்மா உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு யார் சொல்றது?” என்றார்.

மாடசாமியைப் பார்த்தேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீங்களே சொல்லுங்கம்மா. என்னால ஆகாது.”

பாத்திமா பேச்சியம்மாளை உள்ளே கூட்டிவந்தாள். மூத்தார் மாடசாமியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு ஏதோ பட்டுவிட்டது. “என்னத்தான், தாள் எதுவும் கொறையுதா?” என்று கேட்டாள். அவர் குனிந்துகொண்டதும் என் பக்கம் திரும்பி, மஞ்சப்பையைத் திறந்து அதிலிருந்த எல்லாத் தாளையும் மேஜைமேல் அடுக்க ஆரம்பித்தாள். ரேஷன் கார்டு, பிள்ளையின் படிப்புச் சான்று, பீடிக் கம்பெனி அட்டை. எதைக் கேட்பார்கள் என்று தெரியாமல் வீட்டிலிருந்த அத்தனை தாளையும் கொண்டுவந்திருந்தாள்.

“இதையும் பாருங்க. அவுகளைப் பத்தி ஒரு தடவை ஒங்க பெரிய ஆபீசுக்கு எழுதிக் கேட்டேன். இந்தப் பதில்தான் வந்துச்சு.”

மடிப்பில் கிழிந்து, பின்னால் காகிதம் ஒட்டிய ஒரு கடிதம். ‘இசக்கிமுத்து என்ற பெயரில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டதாகப் பதிவு ஏதும் இல்லை.’ மேலே கோப்பு எண் கையால் எழுதியிருந்தது. ஏழு என்ற எண்ணின் நடுவில் கோடு போட்டு எழுதுவது என் வழக்கம். அந்த ஏழில் கோடு இருந்தது. கீழே, ஓரத்தில், என் சுருக்கொப்பம்.

அந்தக் கடிதத்தை நான் எழுதியது எனக்கு நினைவே இல்லை. இன்றுவரை இல்லை. தேதியைப் பார்த்தேன். தொம்மை சார் ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடந்திருக்கும். ஆள் பெயரைப் போட்டுத் தேடியிருப்பேன். இல்லை என்று வந்திருக்கும். பதில் எழுதி அடுத்த மனுவை எடுத்திருப்பேன். சீட்டைக் கவிழ்த்துத் தள்ள எதிரே ஆள் இல்லை. தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் போட்டுத் தேடியிருந்தால், அதே வீட்டு மாடசாமியின் கோப்பு கைக்கு வந்திருக்கும். அதற்குள் தூதரகத்தின் குறிப்பு இருந்தது. அந்தக் கடிதத்தின் தேதிக்கு மூன்று வருடம் முன்பே வந்து சேர்ந்திருந்தது.

பாத்திமா என்னை உட்கார வைத்தாள். ஒரு நிமிடம் முன்புவரை மாடசாமி மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தவள், இப்போது அவர் பக்கத்திலேயே, அவர் மாதிரியே, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச்சியம்மாளிடம் நான்தான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் இறந்துவிட்டார், இன்ன வருடம், இப்படி நடந்தது, இன்ன பெயரில் போனார். அவள் அசையாமல் கேட்டாள். திரையிலிருந்த போட்டோவைக் காட்டச் சொன்னாள். கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இந்தச் சட்டை நாந்தான் எடுத்துக் குடுத்தேன்” என்றாள். பிறகு இறந்த மாதத்தையும் வருடத்தையும் மறுபடி கேட்டாள். விரல் விட்டு எண்ணினாள். “கடைசியா போன் பண்ணி ஒரு மாசத்துக்குள்ளயா?”

“ஆமா.”

“அப்ப அவுக என்னைய விட்டுட்டுப் போகல.”

போட்டோவின் மேல் விரலை வைத்தாள்.

“வேற ஒருத்தியும் இல்ல. செத்துல்லா போயிருக்காவ. நான் இருபது வருசமா அவுகளை வாய்க்கு வந்தபடி வஞ்சிக்கிட்டு இருந்திருக்கேன். காலைல எந்திச்சா வைவேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னா வைவேன். செத்த மனுசனைல்லா வஞ்சிருக்கேன்.” மாடசாமியின் பக்கம் திரும்பினாள். “நீங்க கேட்டுக்கிட்டுத்தான அத்தான் இருந்திய? நான் வையும்போதெல்லாம் பக்கத்துலதான இருந்திய?”

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அதன்பிறகு பல மாதம் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னுடைய பங்கையும் அன்றே சொல்லிவிட்டேன். அந்தக் கடிதத்தைக் காட்டி, “இதை எழுதினது நான். சரியாத் தேடாம எழுதிட்டேன்” என்றேன். அவள் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்களா?” என்றாள். தாள்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்தக் கடிதத்தையும் அதே மாதிரி மடித்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வழங்கும் அலுவலரிடம் என் தவறை எழுதிக் கொடுத்தேன். கேட்ட பெயருக்குப் பதில் கொடுத்திருக்கிறீர்கள், விதிப்படி அதில் குற்றமில்லை என்றார். விதிப்படி இல்லைதான்.

இன்னொரு சிக்கல் அப்போதே தெரிந்தது. பேச்சியம்மாள் விதவை என்று எழுத இறப்புச் சான்று வேண்டும். இறந்ததாகத் தாளில் இருப்பது மாடசாமி. இசக்கிமுத்து எந்தத் தாளிலும் சாகவில்லை. “மணமானவர்னே இருக்கட்டும்மா. பிள்ளைக்கு நாள் நெருங்குது” என்றாள். அப்படியே அனுப்பினோம். சில வாரத்தில் அவள் இ-பாஸ்போர்ட் தபாலில் வந்தது. தனியாகவே விமானம் ஏறினாள்.

மாடசாமியின் விவகாரம் இழுத்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ், போலீஸ் விசாரணை, அபராதம். தன் புத்தகத்தைக் கொடுத்ததை அவர் ஒரு இடத்திலும் மறுக்கவில்லை. உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றிலிருந்து பழைய எஸ்டேட் பதிவு வரை கொண்டுவந்து வைத்தார். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவருக்குப் பாஸ்போர்ட் கிடைத்ததா என்று பின்னால் பாத்திமாவிடம் கேட்டேன். “இ-பாஸ்போர்ட்டே அச்சாயிருச்சு மேடம். ஆனா அவர் எங்கயும் போகல” என்றாள்.

ஓய்வு பெற்று மூன்றாவது மாதம் பேச்சியம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பாத்திமாவிடம் விலாசம் வாங்கியிருக்கிறாள். பேரன் பிறந்த படத்தைப் போனில் காட்டினாள். மருமகன் விசாரித்து, புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். வெறும் மணல். ஒரு கல், அதில் எண் மட்டும்.

“பேரு இருந்தாலும் அவுக பேரு இருந்திருக்காதுல்லா” என்றாள். “அந்த ஊருத் தாள்ல பேரை மாத்தணும். நீங்கதான் எழுதித் தரணும்.”

அன்றே உட்கார்ந்து எழுதினேன். தூதரகத்துக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. ஆள் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பழைய விலாசம், புது விலாசம், அண்ணனின் வாக்குமூலம், இரண்டு போட்டோக்களின் நகல். எழுதி முடித்து மூன்று தடவை படித்துப் பார்த்தேன். பதில் இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை நினைவூட்டிக் கொண்டிருக்கிறேன்.

தாள் வருகிறவரை காத்திருக்க வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் பாபநாசத்தில் ஆற்றுப் படித்துறையில் காரியம் வைத்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். ஆற்றில் தண்ணீர் நன்றாக ஓடியது. ஆண் பிள்ளை இல்லாததால் மாடசாமிதான் மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு எள்ளும் பிண்டமும் முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் நாலு படி மேலே, அவரைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் அவரோடு பேச்சில்லை.

ஐயர், “இறந்தவர் பேரைச் சொல்லுங்கோ” என்றார்.

மாடசாமி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். ஐயர் இன்னொரு தடவை கேட்டார். கையிலிருந்த எள் சிந்தியது.

பேச்சியம்மாள் எழுந்து நாலு படியும் இறங்கி வந்தாள். அவருக்குப் பின்னால் நின்றாள்.

“இசக்கிமுத்து” என்றாள். “இசக்கிமுத்துன்னு சொல்லுங்கத்தான். சத்தமாச் சொல்லுங்க.”

அவர் சொன்னார்.